குறுக்கே வராத மாடு

1959ஆம் வருடம், ஈஸ்டர் ஞாயிறு, காலை ஆறே முக்கால். புதுக்கோட்டை மேல மூன்றாம் வீதியில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் என் கறுப்புக் கார் புறப்படத் தயாராக நின்றது. பழைய இங்கிலீஷ் கார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஓட்டப் பழகி, பழகிய நான்காம் மாதமே அதை வாங்கியிருந்தேன். பின் இருக்கையில் என் மனைவி தெரேசா, தன் காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவே ஒரு பித்தளைக் குண்டானை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குண்டான் நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு. போக வேண்டிய இடம் ஆவூர். நார்த்தாமலை, கீரனூர், மாத்தூர் வழியாக முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. ஆவூர்க் கண்மாய்க்கரையில் ஒரு மாடு காருக்குக் குறுக்கே பாய்ந்தது. நான் சட்டென்று பிரேக் போட்டு மாட்டையும் மனைவியையும் காப்பாற்றினேன். குழம்பு மட்டும் கொட்டிப்போனது. பேரப்பிள்ளைகள் வரைக்கும் இந்தக் கதை வந்து சேர்ந்திருக்கிறது. மாடு எதுவும் குறுக்கே வரவில்லை. அந்தக் கதையில் வருகிற மற்றவர்கள் யாரும் இப்போது உயிருடன் இல்லை. சொல்வதால் நான் இழப்பதற்கு ஒன்றும் இல்லாத வயதில் சொல்கிறேன். அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதும் எனக்குத் தெரியும்.

குழம்பு ஏன் ஆவூர் போனது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த ஆய்வாளரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். அவர் முன்னறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அருளப்பன், தெரேசாவின் அண்ணன். தங்கைக்கென்று ஒரு மூட்டை அரிசியும் ஒரு மூட்டை நிலக்கடலையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஆவூரிலிருந்து புறப்பட்டிருந்தார். இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். நான் வாசலுக்குப் போய், "வண்டியைப் பின்பக்கமா ஓட்டிக்கிட்டுப் போப்பா" என்றேன்.

அந்த 'ப்பா'தான். வாடகை வண்டிக்காரனிடம் சொல்வதுபோல் சொன்னேன். என்னைவிட மூத்தவர், என் மைத்துனர். அவர் வண்டியைப் பின்பக்கம் ஓட்டினார். மூட்டைகளை இறக்கினார். தெரேசா இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாட்டைப் பூட்டிப் புறப்பட்டுவிட்டார்.

கை நனைக்காமல் போனார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சோறு இருந்த வீட்டிலிருந்து ஒருவர் அப்படிப் போய்விட்டால், தெரேசாவின் குடும்பத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டு அடுப்பில் சோறு இருந்ததோ அந்த வீட்டு அடுப்பில் சமைத்ததைக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கவேண்டும். அவரை அப்படிப் போகவிட்டவனும் அவரோடு உட்கார்ந்து அதைச் சாப்பிடவேண்டும். அதற்கு மன்னிப்பு என்றெல்லாம் பேச்சு வேண்டியதில்லை. கை நனைந்தால் போதும். அந்தச் சின்ன வேலையை நான் ஆறு வருடம் செய்யவில்லை. தெரேசாவும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. நான் தடுக்கவில்லை, தனியாகப் போக அவளுக்கு மனமில்லை.

1959இல், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசுக்காலம் தொடங்கிய அன்று தெரேசா காபியை விட்டாள். கறி மீன் எல்லாரும் விடுவதுதான். காபி இல்லாவிட்டால் அவளுக்குத் தலைவலி வரும். எதற்காக என்று கேட்டேன்.

"நீங்க எங்கண்ணன் வீட்டுல கை நனைக்கணும்னு" என்றாள். சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

நாற்பது நாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நடமாடியதைப் பார்த்தபின், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் நானே போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தேன்.

அன்று மாலை எங்கள் சமையலறையில் இருந்த வாசனை இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது. மல்லியும் மிளகும் சோம்பும் வறுபட்ட வாசனை. கல்பாசி, பட்டை, கசகசா. அம்மியில் அரைபடும்போது எழும் இன்னொரு வாசனை. உரித்த சின்ன வெங்காயம் ஒரு முறம். எண்ணெய் திருவரங்குளத்துச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். தெரேசா சமைக்கும்போது பேசமாட்டாள். குழம்பு கொதிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டே விறகை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருப்பாள்.

ஆனால் உப்புப் பார்க்க முடியாது. இரவுப் பூசை முடியும்வரை தபசுக்காலம். கறிக்குழம்பை நாக்கில் வைக்கக்கூடாது. என்னையும் வைக்கவிடமாட்டாள். ஒரு கரண்டிக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கொல்லைச் சுவர் ஓரம் போய்ப் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டாள். கத்தோலிக்கர் வீடுகள் நிறைந்த வீதியில் நோன்பில்லாத அந்த ஒரு வீட்டுக்கு, ஒவ்வொரு வருடமும் அந்தச் சனிக்கிழமை மாலையில் நாலைந்து கிண்ணங்கள் போகும்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல் தெரேசா" என்றார் அந்த அம்மாள். "ஆனா சோத்துல பெசைஞ்சா சரியா இருக்கும். இன்னொரு கரண்டி ஊத்து, நல்லாப் பாத்துச் சொல்றேன்."

காலையில் குண்டானின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மூடியின் மேல் ஒரு துண்டு அடுப்புக்கரியும் ஒரு கொத்து வேப்பிலையும் வைத்தாள். கறிச்சோறு வழிநடை போனால் கரித்துண்டு துணைக்குப் போகவேண்டும். பூசைக்கு ஒரு நாளும் தவறாதவள். இதையும் ஒரு நாளும் விடாதவள்.

"காருக்கு முன்னால பேய் ஓடியா வரப்போகுது?" என்றேன்.

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு அதால வரமுடியாது. பின்னால தொத்திக்கிரும்" என்றாள்.

ஏழு மணிக்கு ஊரைத் தாண்டினோம். பெட்ரோல் முந்தின நாளே போட்டாயிற்று. காலன் மூன்று ரூபாய்ச் சொச்சம். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டம் அல்ல, திருச்சி ஜில்லாவில் ஒரு பகுதி. சமஸ்தானம் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஊருக்குள் வீதிகள் சதுரங்கப் பலகைபோல நேராக இருக்கும். அந்த நேர் வீதிகளில் ஓட்டிப் பழகியவனுக்கு வெளிச்சாலையில் வருகிற ஒவ்வொருவனும் குற்றவாளியாகத் தெரிவான். எனக்குத் தெரிந்தான்.

முதலில் வண்டிக்காரர்கள். வைக்கோல் ஏற்றிய நாலு வண்டிகள் வரிசையாக வந்தன. நாலு பேரும் தூக்கம். மாடுகள் தாங்களாகவே ஓரம் கண்டு போய்க்கொண்டிருந்தன. "தூங்குகிறவனுக்கு எதற்குக் கையில் சாட்டை" என்றேன். பிறகு ஒரு சைக்கிள்காரர்: பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை, ஹேண்டில்பாரில் ஒரு பூசணிக்காய். மணி இருந்தது, அடிக்க விரல் இல்லை. திருச்சியிலிருந்து எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் கையை வெளியே நீட்டி ஈ விரட்டுவதுபோல ஆட்டினார். அது திரும்பப் போகிறேன் என்பதா, நில் என்பதா, வெற்றிலைச் சாறு துப்பப் போகிறேன் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. துப்பினார்.

நார்த்தாமலைக்கு அருகில் கல் ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் மலைகள் காலை வெயிலில் யானை படுத்ததுபோல வழவழவென்று கிடந்தன. தெரேசா அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் லாரியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு ஹாரன் அடித்தேன். லாரியின் கிளீனர் எட்டிப் பார்த்துக் கையசைத்து வழிவிட்டான்.

"பரவாயில்லை. இவனுக்கு முப்பது மார்க் போடலாம்."

"ரோட்டுலயும் பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா?" என்றாள் தெரேசா. "ஊரை விட்டு வந்ததுலேர்ந்து பாக்குறேன். ஒருத்தனையும் பாஸ் போடலை."

"ஒழுங்கா ஓட்டினா போடுவேன்."

"ஒங்க பேப்பர யாரு திருத்துறது?"

நான் கியர் மாற்றினேன்.

எட்டு மணி வாக்கில் கீரனூர். பதினைந்து மைல். குன்றாண்டார்கோவிலுக்குச் சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளப்புக் கடையில் நிறுத்தினேன். இரண்டு காபி சொன்னேன்; இரண்டும் சேர்ந்து முப்பது நயா பைசா. தபசுக்காலம் முடிந்துவிட்டது, இனி அவள் குடிக்கலாம். காருக்குள் நீட்டிய டம்ளரை அவள் வாங்கவில்லை.

"கை நனைச்சதுக்கப்புறம்" என்றாள்.

இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

மாத்தூரில் தார்ச்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் ஆவூர்ச் சாலை. ஐந்து மைலுக்கு மேல் இருக்கும், முழுக்கச் செம்மண். எங்களுக்குச் சற்று முன்னால் ஒரு பஸ் திரும்பியது. ஆவூர்க் கோவிலின் ஈஸ்டர்த் திருநாளுக்குப் போகிற கூட்டம், மேலேயெல்லாம் ஆட்கள். ஒரு நிமிடத்தில் பஸ் மறைந்துபோய்ச் சிவப்புப் புழுதிதான் எங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றினோம். உள்ளே புழுக்கம். என் வெள்ளைச் சட்டையில் புழுதி படிவதைப் பார்த்தேன். ஆறு வருடம் கழித்து அந்த வீட்டு வாசலில் இறங்கப் போகிறவன், சட்டை வெள்ளையாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அதைவிட உண்மையான காரணம், ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்களேன். புழுதி அடங்கட்டும்" என்றாள் தெரேசா.

"முந்திவிட்டால் புழுதியே இருக்காது."

"நமக்கென்ன அவசரம். அண்ணன் எங்கயும் போயிராது."

கண்மாய்க்கரையில் சாலை கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே வலப்பக்கம் ஏறினேன். "வேண்டாங்க" என்றாள். பஸ்ஸின் பாதி தூரம் போனபோது முன்னால் கரை குறுகுவதைப் பார்த்தேன். பிரேக்கை முழுதுமாக மிதித்தேன். வலப்பக்கச் சக்கரங்கள் மணலில் புதைந்தன. கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. பஸ் போயே போய்விட்டது. அதன் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் திரும்பினேன். குண்டான் கவிழ்ந்து கிடந்தது. தெரேசாவின் மடியெல்லாம் குழம்பு. சந்தன நிறப் பட்டு, எங்கள் மூத்த பெண் கல்யாணத்துக்கு எடுத்தது. நல்லவேளை, சூடு ஆறியிருந்தது. அவள் கரித்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்மாயில் இறங்கி முந்தானையையும் மடியையும் அலசினாள். நான் கரையில் நின்றேன். சற்றுத் தள்ளி ஒரு பனைமரத்தில் சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்று கட்டியிருந்தது. வலது கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. அசைபோட்டபடி என்னைப் பார்த்தது. சாலைக்கும் அதற்கும் நடுவே ஒரு வயல் தூரம். இதை நன்றாகச் சொல்லிவிடுகிறேன்: அது கட்டித்தான் இருந்தது.

"திரும்பிப் போய்விடலாமா?" என்று கேட்டேன்.

அவள் குண்டானை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். "அடியில ரெண்டு கரண்டி இருக்கு. நம்ம அடுப்புக் கொழம்பு. வண்டிய எடுங்க" என்றாள்.

காரைப் பின்னுக்கு எடுத்து மணலை விட்டு ஏற்றி, ஒன்பதரைக்கு அருளப்பன் வீட்டை அடைந்தோம். ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம், அதன் கீழ் அவர் பனியனோடு நின்று கார் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். தெரேசா இறங்கினாள். என்னைப் பார்க்காமல் அவர் அவள் சேலையைப் பார்த்தார்.

"என்னாத்தா இது, சீலையெல்லாம் ஈரம்?"

"கொழம்பு கொட்டிப் போச்சுண்ணே." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒனக்குன்னு ஆக்கிட்டு வந்தேன். கம்மாக்கரையில மாடு ஒண்ணு குறுக்க பாஞ்சிருச்சு. இவுக மட்டும் பிரேக்க அமுத்தலைன்னா மாடும் போயிருக்கும், நாங்களும் போயிருப்போம்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. தன் அண்ணன் வாசலில் நான் ஒரு முறையாவது நல்லவனாக இறங்கவேண்டும் என்று நினைத்தாள்.

அருளப்பன் காரின் அருகே வந்து குனிந்தார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "மாப்ள, எந்தப் பக்கமா வந்துச்சு?"

"இடது பக்கமா."

"மாடு எப்படி இருந்துச்சு?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாட்டுப் பேச்சு அதோடு போயிருக்கும். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் "சரியாகப் பார்த்துச் சொல்" என்று சொன்ன வாய். "மயிலைக் காளை. வலது கொம்பு கீழே வளைஞ்சிருந்தது" என்றேன்.

அவர் தொடையில் அடித்துக்கொண்டார். "அட, கருப்பையா மாடு."

நகரத்தில் மாடு என்றால் வெறும் மாடு. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு ஆள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. சொல்லும்போது நினைவில் வரவில்லை.

"விடுங்க மச்சான், வாயில்லா ஜீவன்" என்றேன்.

"அது எப்புடி விடுறது? எந்தங்கச்சி ஆறு வருசங்கழிச்சு ஆக்கிட்டு வாரா. கறிச்சட்டியக் கவுத்துட்டு அவன் மாடு பாட்டுக்கு மேயுமா? ரோட்டுல பாயிற மாட்ட எவன் கட்டாம விடுவான்? நீங்க எறங்குங்க மாப்ள. ஏன் உள்ளயே இருக்கீங்க? எறங்கி வாங்க." காரின் கதவைத் திறந்து என் கையைப் பிடித்தார்.

அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். என் மேல் இருந்த ஆறு வருடக் கோபம் முழுவதும் ஒரு மாட்டின் மேல் போய் இறங்கியிருந்தது.

அவர் மனைவி செபமாலை உள்ளேயிருந்து சொம்போடு வந்தாள். "வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்காம வாசல்லயே வச்சு மாட்டு விசாரணையா?" என்றாள். "இவரு இப்புடித்தாண்ணே. கோர்ட்டுக்குப் போக முடியாத கொறைய இங்கன தீத்துக்குவாரு."

அருளப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரைமணி நேரத்தில் திரும்பினார். பின்னால் கருப்பையா நடந்து வந்தார். என் வயது இருக்கும். ஒல்லியான ஆள். கையில் ஒரு பெட்டைக் கோழி தலைகீழாகத் தொங்கியது.

"நான் கட்டித்தான் போட்டேன் சார்" என்றார். "இப்பவும் போயிப் பாத்தேன். கட்டுனபடிதான் நிக்கிது."

நான் திரும்பிப் பார்த்தேன். தெரேசா சமையலறை வாசலில் நின்றாள்.

"கட்டுன மாடு எப்புடிய்யா ரோட்டுக்கு வரும்?" என்றார் அருளப்பன்.

"அதத்தான் நானும் ரோசிச்சுக்கிட்டே வந்தேன். முடிச்சு நழுவி வந்திருக்கும். அந்த வழியாப் போன எவனாச்சும் புடிச்சுக் கட்டிருப்பான். இல்லாட்டி வாத்தியாரு பொய்யா சொல்லப் போறாரு?" கோழியைத் தெரேசாவிடம் நீட்டினார். "நாப்பது நாளா வாயக் கட்டுனவுக. வச்சுக்க ஆத்தா. தப்பா நெனச்சுக்கிறாதீங்க."

"கோழியெல்லாம் வேண்டாங்கண்ணே" என்றாள் தெரேசா. அவள் கை நீளவில்லை. செபமாலைதான் வாங்கிக்கொண்டாள். "இருந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்று எல்லாரும் சொன்னோம். அருவியாக வியர்த்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அவர் போய்விட்டார்.

அந்தக் கோழியைத் தெரேசாதான் சமைத்தாள். செபமாலை அரைத்துக் கொடுத்தாள். குண்டானின் அடியில் ஒட்டியிருந்த இரண்டு கரண்டிக் குழம்பைத் தெரேசா வழித்து அதில் சேர்த்தாள். "இதுல எங்கூட்டுக் கொழம்பு இருக்கு மதினி, நீங்கதான் சாட்சி" என்று அவள் சொல்வது கூடத்தில் எனக்குக் கேட்டது. இந்தத் தடவை உப்பை அவளே நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாள்.

மத்தியானம் ஒரு மணி. தலைவாழை இலைகள். அருளப்பன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரேசா அவர் இலையில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பிறகு என் இலையில் ஊற்றினாள். அவர் பிசைந்தார். நானும் பிசைந்தேன். ஒரே நேரத்தில் முதல் கவளத்தை எடுத்தோம்.

"நல்லாருக்குத்தா" என்றார் அவர். பிறகு, இலையைப் பார்த்தபடியே, "அன்னைக்கும் இந்த வாசனைதான் அடிச்சுச்சு. பின்பக்கம் வரைக்கும்" என்றார்.

அந்தச் சோறு எனக்கு இறங்கியது. இறங்கவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் தெரேசா அடுப்படியில் உட்கார்ந்து காபி குடித்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் குடித்தாள். நான் கதவோரம் நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மறுபடி டம்ளருக்குள் குனிந்துகொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திரும்பினோம். அருளப்பன் எங்களோடு வந்தார். முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குண்டானை வெறுமையாகத் திருப்பக்கூடாதென்று செபமாலை அதில் நிலக்கடலை நிரப்பியிருந்தாள். கண்மாய்க்கரையில் நான் மெதுவாகப் போனேன். பனைமரத்தடியில் அதே மாடு. இரண்டு கயிறு போட்டிருந்தது. கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு கனத்த கட்டை தொங்கியது. அடங்காத மாட்டுக்குத் தொங்கவிடுகிற கட்டை. நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இடிக்கும். மாடு ஒரு அடி எடுத்து வைத்தது, நின்றுவிட்டது.

"பாருங்க மாப்ள. கட்டை போட்டுட்டான். சொன்னா கேக்குற ஆளு" என்றார் அருளப்பன் திருப்தியோடு.

கார் கண்ணாடியில் தெரேசாவின் முகத்தைத் தேடினேன். அவள் குண்டானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் காரை நிறுத்தியிருக்க வேண்டும். என் பக்கத்தில் ஆறு வருடம் கழித்து வந்து உட்கார்ந்த மனிதர் இருந்தார். அவர் எங்கள் வீட்டு வாசலில், முன்வாசலில், இறங்கவேண்டும். நிறுத்தவில்லை.

வழியில் நான் யாருக்கும் மார்க் போடவில்லை. அருளப்பன்தான் போட்டுக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் லாரியையும் குறை சொல்லி, "ஒங்கள மாதிரி நிதானமா ஓட்ட எவனுக்குத் தெரியுது மாப்ள" என்றார். எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் மாட்டுக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மாடு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

அடுத்த வருடம் ஈஸ்டருக்கு மறுபடியும் போனோம். காரில் நாங்கள் இருவர் மட்டும், குண்டானில் குழம்பு, மூடியின் மேல் கரித்துண்டு. புதுக்கோட்டையை விட்டபோதே எனக்குள் ஒரு முடிவு இருந்தது. அருளப்பனுக்குத் தெரியவேண்டியதில்லை, கருப்பையாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுவது. தெரேசாவிடமும் சொன்னேன். "சொல்லிருங்க" என்றாள்.

கண்மாய்க்கரையில் அவரே மண்வெட்டியோடு எதிரே வந்தார். காரை நிறுத்தி இறங்கினேன். பனைமரத்தடி காலியாக இருந்தது.

"மாடு எங்கே கருப்பையா?"

"வித்துட்டேன் சார். தை மாசத்துல, மணப்பாறைச் சந்தையில."

"நல்ல மாடாச்சே."

"நல்ல மாடுதான். ஏர்ல கட்டுனா ஒரு சொல்லு சொல்ல வேண்டாம். ஆனா கட்டை போட்டதுலேர்ந்து முட்டி வீங்கிக்கிருச்சு. சரின்னு ஓட்டிட்டுப் போனேன்." மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். "வண்டிக்காரவுக நாலஞ்சு பேரு வந்து பல்லப் புடிச்சுப் பாத்தாக. காருக்குக் குறுக்க பாஞ்ச மாடுன்னு சொல்லிப்புட்டேன். கொணத்த மறைச்சு விக்கக் கூடாதுல்ல சார். வாங்குறவனும் புள்ளகுட்டிக்காரன், ரோட்டுல போறவன். அப்பறம் எவன் வாங்குவான்? பொழுது சாய அடிமாட்டுக்காரன்தான் ஓட்டிட்டுப் போனான்."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. சந்தையில் நடந்ததைச் சொன்னார். பிறகு காருக்குள் குனிந்து, "இந்தத் தடவை கொழம்பு பத்திரமா ஆத்தா?" என்று கேட்டார்.

"பத்திரமா இருக்குண்ணே" என்றாள் தெரேசா.

அவர் சிரித்துக்கொண்டே வரப்பில் இறங்கிப் போனார். நான் சொல்லவில்லை. இனிச் சொன்னால் மாடு திரும்பி வரப்போவதில்லை. சந்தையில் அவர் செய்த நேர்மையான காரியம் மட்டும் அவருக்கே முட்டாள்தனமாகத் தெரியும், அதை ஏன் செய்யவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம். என்னிடம் எப்போதும் நல்ல நியாயங்கள் இருந்தன.

காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை.

"மாடுன்னு மொதல்ல சொன்னது நான்தானே" என்றாள் தெரேசா பின்னாலிருந்து.

"கொம்பைச் சொன்னது நான்" என்றேன்.

பின்னால் ஹாரன் கேட்டது. திருநாள் பஸ். ஓரத்திலேயே இருந்துகொண்டு கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னேன். அது எங்களைக் கடந்து போனது. புழுதி காரை மூடியது. கண்ணாடியை ஏற்றாமல் இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். மெல்ல மெல்ல அடங்கியபோது முதலில் கண்மாய் தெரிந்தது, பிறகு வயல், பிறகு அந்தப் பனைமரம். அடியில் கயிறு உராய்ந்து உராய்ந்து மரத்தைச் சுற்றி ஒரு தழும்பு விழுந்திருந்தது. அவ்வளவு காலம், அவ்வளவு இறுக்கமாக, அது கட்டப்பட்டுத்தான் இருந்திருக்கிறது.

"புழுதி அடங்கிருச்சு. கெளம்புங்க" என்றாள் தெரேசா.